அந்த நாலு பேர்ல சட்டத்தையும் ஒருத்தரா நிறுத்தாதீங்க

சட்டம் போடுற அவைகள்ல உக்காந்திருக்கிற உறுப்பினர்களுக்கும், அவங்களுக்கு வரைவு எழுதிக் குடுக்கிற அதிகாரிகளுக்கும்,

ரோட்டுல அடிபட்டுக் கிடக்கிறவரைப் பாத்துட்டு உதவாம போறவங்களுக்கு இனிமே தண்டனைன்னு ஒரு மசோதா தயார் பண்றீங்கன்னு படிச்சேன். கேக்க நல்லாத்தான் இருக்கு. டிவியில ஒருத்தர் "மனுஷத்தன்மை செத்துப்போச்சு, அதான் சட்டம் தேவைப்படுது"ன்னு சொன்னப்ப என் வீட்டுலயே எல்லாரும் தலையாட்டினாங்க. எனக்குத்தான் அன்னிக்கு ராத்திரி தூக்கம் வரல, ஏன்னா அந்த மசோதா தேடுற குற்றவாளி நானேதான். ஒரு தடவை உதவி பண்ணிட்டு அதுக்காக அலைஞ்சவனும் நான்தான், அடுத்த தடவை பாத்தும் பாக்காத மாதிரி போனவனும் நான்தான். ரெண்டையும் மறைக்காம சொல்றேன், படிச்சிட்டு அப்புறம் மசோதாவைக் கையில எடுங்க.

முதல் தடவை. ஷிப்ட் முடிஞ்சு வர்றேன், ரோடு ஓரமா கூட்டம். பைக் சறுக்கி ஒருத்தர் கீழ கிடக்கிறார், தலையில ரத்தம். சுத்தி முப்பது பேராவது இருப்போம். "யாராவது தூக்குங்கப்பா", "ஆம்புலன்ஸுக்கு யாராவது போன் போடுங்கப்பா"ன்னு ஆளாளுக்கு சொல்லிட்டே நிக்கிறோம். நானும் சொன்னேன். யாராவதுன்னு முப்பது பேரும் சொன்னா அந்த யாராவது எங்கேர்ந்து வருவான்? அப்பதான் காலேஜ் படிக்கிற வயசுல ஒரு பொண்ணு கூட்டத்தை விலக்கிட்டு உள்ள வந்துச்சு, மண்டி போட்டு உக்காந்துச்சு, நேரா என்னைப் பாத்து கையை நீட்டி "அண்ணா, நீல சட்டை போட்டிருக்கிற அண்ணா, உங்களைத்தான், இப்படி வந்து தலையை அசையாம பிடிங்க"ன்னுச்சு. இன்னொருத்தரைக் காட்டி "நீங்க போன் போடுங்க, போட்டுட்டு என்கிட்ட வந்து சொல்லுங்க". அவ்வளவுதான். அதுவரைக்கும் மரம் மாதிரி நின்னவன் அடுத்த நிமிஷம் ரோட்டுல உக்காந்து அந்த மனுஷன் தலையை ரெண்டு கையிலயும் பிடிச்சிட்டு இருக்கேன். எனக்குள்ள புதுசா மனுஷத்தன்மை எதுவும் முளைக்கல. ஒருத்தர் என்னைக் கூப்பிட்டாங்க, கூட்டத்தைக் கூப்பிடல, என்னைக் கூப்பிட்டாங்க.

அவர் பிழைச்சிட்டார். அதுக்கப்புறம் நடந்ததுதான் உங்க கவனத்துக்கு. வாக்குமூலம் குடுக்கணும்னு அஞ்சு தடவை கூப்பிட்டாங்க. முதல் நாள் முதல் கேள்வியே "நீ எதுக்கு அங்க போன?" அடுத்தது "வண்டி உன்னுதா?" மூணு நாள் பாதி ஷிப்ட் போச்சு, ஒரு தடவை மதியம் வரைக்கும் பெஞ்ச்ல உக்கார வச்சிட்டு சம்பந்தப்பட்டவர் லீவுன்னு திருப்பி அனுப்பினாங்க. யாரும் என்னை அடிக்கல, மிரட்டல, அதெல்லாம் இல்ல. எல்லாமே ரூல்படிதான் நடந்துச்சு. அதான் எனக்கு பயமா இருக்கு, ரூல்படி நடந்தே ஒரு மனுஷனை இப்படி ஆக்க முடியும்னா.

ரெண்டாவது தடவை, ஒரு வருஷம் கழிச்சு. வேற ரோடு, வேற கூட்டம். வண்டியை ஸ்லோ பண்ணினேன், எட்டிப் பாத்தேன், ஏழெட்டு பேர் நிக்கிறது தெரிஞ்சுது, ஆள் இருக்காங்க பாத்துக்குவாங்கன்னு மனசுக்குள்ள சொல்லிட்டு கியரை மாத்திட்டுப் போயிட்டேன். அங்க விழுந்து கிடந்தவர் என்ன ஆனார்னு இன்னி வரைக்கும் எனக்குத் தெரியாது. இப்ப நீங்க கொண்டு வரப்போற சட்டத்துல அன்னிக்கு நான் குற்றவாளி. சரி, ஒத்துக்கறேன். ஆனா அந்த முதல் தடவைக்கும் இந்த ரெண்டாவது தடவைக்கும் நடுவுல என்கிட்ட இருந்த எதையோ எடுத்தது யாரு, அதுக்கு எந்த செக்‌ஷன்ல கேஸ் போடுவீங்க?

நான் வக்கீல் இல்ல. மெஷின் ஓட்டி, அப்புறம் சூப்பர்வைசர் ஆகி, நடுவுல பாதுகாப்பு சம்பந்தமா ஒரு டிப்ளமா படிச்சவன். அந்தப் படிப்புல சொல்லிக் குடுத்த ஒரு விஷயம் அன்னிலேர்ந்து மண்டையில ஓடிட்டே இருக்கு. 1968ல பிப் லடானே, ஜான் டார்லின்னு ரெண்டு மனோதத்துவ ஆராய்ச்சியாளர்கள் பண்ணின சோதனை. ஆளுங்களைத் தனித்தனி ரூம்ல உக்கார வச்சு மைக் வழியா பேச விடுறாங்க, நடுவுல ஒருத்தருக்கு வலிப்பு வர்ற மாதிரி குரல் கேக்கும் (அது முன்னாடியே பதிவு பண்ணினது, கேக்கிறவங்களுக்குத் தெரியாது). கேக்கிறது தான் ஒருத்தர் மட்டும்தான்னு நினைச்சவங்கள்ல 85 சதவீதம் பேர் அந்த வலிப்பு ஓயறதுக்குள்ள எழுந்து உதவி தேடி ஓடியிருக்காங்க. தன்னைத் தவிர இன்னும் நாலு பேரும் கேட்டுட்டு இருக்காங்கன்னு நினைச்சவங்கள்ல அது வெறும் 31 சதவீதம். இதுல என்னைத் தொட்டது வேற. எழுந்து போகாம உக்காந்திருந்தவங்க கல்நெஞ்சக்காரங்க இல்ல, கை நடுங்கிட்டு இருந்துச்சு, உள்ளங்கை வேர்த்திருந்துச்சுன்னு எழுதி வச்சிருக்காங்க. அவங்களுக்கு அக்கறை இருந்துச்சு. இன்னும் நாலு பேர் இருக்காங்களேங்கிற நினைப்பு அந்த அக்கறையை எழுந்திரிக்க விடல.

நம்ம பேச்சுலயே "நாலு பேர் என்ன சொல்லுவாங்க"ன்னு ஒண்ணு இருக்குல்ல. அந்த நாலு பேருக்கு பயந்து ஒழுங்கா இருந்த காலம் ஒண்ணு (அதுலயும் ஆயிரம் கொடுமை இருந்துச்சு, அதைக் கொண்டாட நான் வரல). இப்ப அதே நாலு பேர் இருக்கிறதாலயே யாரும் அசையறதில்லைங்கிற நிலைமை. நீங்க போடுற ஒவ்வொரு சட்டமும் அந்தக் கூட்டத்துல இன்னொரு ஆளா வந்து நிக்குதுங்கிறதுதான் என் புகார். இதுக்குத்தான் சட்டம் இருக்கே, இதுக்குத்தான் டிபார்ட்மெண்ட் இருக்கே, இதுக்குத்தான் இன்ஸ்பெக்டர் இருக்காரேன்னு நினைக்க ஒரு ஆள் கிடைச்சதும் நாங்க கையைக் கட்டிக்கிறோம். பக்கத்து வீட்டுல ஒரு குழந்தையை அடிக்கிற சத்தம் கேட்டா கதவைத் தட்டிப் போய் கேக்கிறவங்க ஒரு காலத்துல இருந்தாங்க, இன்னிக்கு அதுக்கு ஒரு போன் நம்பர் இருக்குன்னு நமக்குத் தெரியும், தெரிஞ்சதாலயே கதவையும் தட்டறதில்ல, அந்த நம்பருக்கும் போன் போடறதில்ல. அந்த நம்பர் வேண்டாம்னு சொல்லல, கண்டிப்பா வேணும். நம்பர் மட்டும் போதும்னு நீங்களும் நினைச்சிட்டீங்க, நாங்களும் நினைச்சிட்டோம்.

என் தொழில்லேர்ந்து ஒண்ணு சொல்றேன், அங்கதான் இதை நான் ரொம்ப கிட்டத்துல பாத்தேன். நான் இருந்தது பவர் பிரஸ் லைன், தகட்டை அழுத்தி வெட்டுற, வளைக்கிற மெஷின். கை உள்ள போனா கை போச்சு, அந்த மாதிரி மெஷின். நான் சேர்ந்தப்ப ஷிப்ட் ஆரம்பத்துல பாக்க வேண்டிய லிஸ்ட்ல ஒன்பது ஐட்டம். எங்க லைன்ல வயசான ஒரு அண்ணன், அவர் அந்த லிஸ்ட்டைத் தொடக்கூட மாட்டார், மெஷினை ஆன் பண்ணிட்டு ரெண்டு நிமிஷம் சும்மா நின்னு கேப்பார், "கிளட்ச் இழுக்குது, ஓட்டாதே"ன்னா ஓட்ட மாட்டோம், மேனேஜரே வந்தாலும் ஓட்ட மாட்டோம். அப்புறம் எங்கயோ ஒரு விபத்து நடந்துச்சு, ரூல் வந்துச்சு, லிஸ்ட் பதினாலு ஆச்சு. இன்னொரு விபத்து, இருபத்தாறு. ஒரு ஆடிட், முப்பத்தஞ்சு. நான் சூப்பர்வைசர் ஆனப்ப நாப்பத்தி மூணு ஐட்டம், ஒவ்வொண்ணுக்கும் டிக், கீழ ஆபரேட்டர் கையெழுத்து, சூப்பர்வைசர் கையெழுத்து, அதைப் பாத்ததுக்கு இன்னொருத்தர் கையெழுத்து. நாப்பத்தி மூணையும் ஒழுங்கா பாத்தா முக்கால் மணி நேரம் ஆகும், குடுக்கிறது பத்து நிமிஷம். என்ன நடக்கும்னு நீங்களே சொல்லுங்க. டிக்கா போடாம மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரே கோடா இழுத்து விடுவோம். நைட் ஷிப்ட் ஃபார்மை சாயங்காலமே ரொப்பி வச்சிருவோம்.

ஒரு நாள் மூணாவது மெஷின் ரிப்பீட் அடிச்சிருச்சு. அதாவது ஒரு தடவை அழுத்தினதுக்கு ரெண்டு தடவை இறங்கிருச்சு. ஆபரேட்டர் அந்த நேரம் பார்த்து குனிஞ்சு கீழ விழுந்த பீஸை எடுத்திட்டு இருந்தான், அதனால அவனுக்கு ரெண்டு கையும் இருக்கு. விசாரணைக்கு வந்தவங்க கேட்ட முதல் கேள்வி "ஃபார்ம் இருக்கா?" இருக்கு. கிளட்ச் சரி, பிரேக் சரி, எல்லாம் சரி, நாப்பத்தி மூணு டிக், கீழ என் கையெழுத்து. ஃபார்ம் இருந்ததால யார் மேலயும் தப்பு இல்லைன்னு ஆயிடுச்சு. அடுத்த வாரம் நாப்பத்தி நாலாவது ஐட்டம் சேர்த்தாங்க. அந்த அண்ணன் ரிட்டயர் ஆகி அப்ப ரெண்டு வருஷம் ஆகியிருந்துச்சு. அந்த ரெண்டு வருஷத்துல ஒரு நாள்கூட நான் அந்த மெஷின் முன்னாடி சும்மா நின்னு காது குடுத்துக் கேட்டதில்ல. அதுக்கு லிஸ்ட்ல டிக் போடுற டப்பா இல்லையே!

இது ஏதோ ஒரு கம்பெனி கதைன்னு தள்ளிடாதீங்க. 1972லயே பிரிட்டன்ல ராபன்ஸ் கமிட்டின்னு ஒரு கமிட்டி வேலை இடத்துப் பாதுகாப்பை ஆராய்ஞ்சு அறிக்கை குடுத்துச்சு. ஒன்பது வகை சட்டங்கள், அதுக்குக் கீழ கிட்டத்தட்ட 500 விதித் தொகுப்புகள் இருந்த நாடு அது. அதையெல்லாம் பாத்துட்டு அவங்க சொன்ன முதல் குறை, சட்டம் அளவுக்கு மீறிப் போச்சுங்கிறதுதான். பாதுகாப்புன்னா வெளியில இருக்கிற யாரோ எழுதுற ரூல்னு எல்லாரும் பழகிட்டாங்க, ஆபத்தை உண்டாக்குறவங்களும் அதோட வேலை செய்யறவங்களும்தான் முதல்ல பொறுப்புங்கிறது மறந்து போச்சுன்னு எழுதினாங்க. அதைப் படிச்சப்ப என் நாப்பத்தி நாலு டப்பாவைப் பாத்துட்டு எழுதின மாதிரியே இருந்துச்சு. 1974ல அதுலேர்ந்து ஒரு புது சட்டம் வந்துச்சு, ஒவ்வொரு நட்டு போல்ட்டுக்கும் ரூல் சொல்றதை விட்டுட்டு, உன்னால இன்னொருத்தருக்கு ஆபத்து வருதா, அதைத் தடுக்க நியாயமா என்னென்ன பண்ண முடியுமோ அத்தனையும் பண்றது உன் கடமைன்னு பொதுவா பொறுப்பைத் தூக்கி அந்தந்த ஆள் தலையில வச்சுது. சட்டத்தைக் கிழிச்சுப் போடல, கவனிங்க. சட்டம் யாரைப் பாத்துப் பேசணுங்கிறதை மாத்தினாங்க.

இதுவரைக்கும் எனக்கு வசதியான கதை. வசதியில்லாததையும் சொல்லணும், இல்லன்னா நாளைக்கு உங்க ஆளுங்களே எடுத்து வச்சு என்னை மடக்குவாங்க. அந்தக் கமிட்டித் தலைவர் ராபன்ஸ் பிரபு யாருன்னா, 1966 அக்டோபர் 21ல வேல்ஸ்ல அபர்ஃபான்ங்கிற ஊர்ல நிலக்கரிக் கழிவு மலை சரிஞ்சு பள்ளிக்கூடத்து மேலயும் வீடுங்க மேலயும் விழுந்து 144 பேர் செத்தாங்களே, அதுல 116 பேர் குழந்தைங்க, அந்தக் கழிவைக் கொட்டின நிலக்கரி வாரியத்துக்கு அப்ப தலைவர். விசாரணை ஆணையம் வாரியம்தான் பொறுப்புன்னு சொல்லுச்சு. ஒருத்தர் மேலயும் வழக்கு இல்ல. அந்த மாதிரி கழிவு மலைகளோட பாதுகாப்புக்குன்னு அதுவரைக்கும் ஒழுங்கான சட்டமே இருக்கல, 1969லதான் வந்துச்சு. சட்டம் அதிகமானா பொறுப்பு போயிரும்னு சொன்ன மனுஷனோட கண்ணு முன்னாடியே சட்டம் இல்லாம பொறுப்பும் இல்லாம ஒரு ஊரோட பிள்ளைங்க போயிருக்காங்க. இதைப் படிச்ச அன்னிக்கு நான் ரொம்ப நேரம் புத்தகத்தை மூடி வச்சிட்டு உக்காந்திருந்தேன். அதனால இந்த மடலை எடுத்துட்டுப் போய், பாருங்க ஒரு தொழிலாளியே ரூல் வேண்டாம்னு சொல்றார்னு சொல்லி பலமானவங்க கையில இருக்கிற கட்டை அவுத்து விடாதீங்க. கழிவு கொட்டுறவன், மெஷின் ஓட்டச் சொல்றவன், மருந்து விக்கிறவன், பாலம் கட்டுறவன், இவங்களுக்கெல்லாம் சட்டம் வேணும், இறுக்கமாவே வேணும். அடிபடறவன் ஒருத்தன், லாபம் பாக்கிறவன் இன்னொருத்தன்னா அங்க மனசாட்சியை நம்பி உக்கார முடியாது.

இன்னும் ஒண்ணு, சட்டம் போட்டாலே பொறுப்பு செத்துரும்னு நான் சொல்லல. சீட் பெல்ட்டைப் பாருங்க. மூணு இடத்துல பிடிக்கிற பெல்ட் 1959லயே வால்வோ கார்ல வந்திருச்சு, ஜனங்க போடல. 1970ல ஆஸ்திரேலியாவுல விக்டோரியா மாநிலம் கட்டாயம்னு சட்டம் போட்டுச்சு, அப்புறம் ஊர் உலகமெல்லாம் போட்டுச்சு. இன்னிக்கு நான் வண்டியில உக்காந்தா கை தானா பெல்ட்டுக்குப் போகுது, போலீஸ் நினைப்பே வர்றதில்ல. சட்டம் என் கையைப் பிடிச்சு பழக்கிட்டு ஒதுங்கிருச்சு. அந்த மாதிரி சட்டம் எத்தனை வேணா போடுங்க, ஒரே வரி, எல்லாருக்கும் புரியும், எதுக்குன்னும் தெரியும்.

ஆனா எல்லாத்தையும் அப்படிப் பழக்க முடியாது. இஸ்ரேல்ல ஹைஃபா நகரத்துல பத்து குழந்தைகள் காப்பகத்துல ஒரு சோதனை பண்ணினாங்க, யூரி கினீசி, ஆல்டோ ருஸ்டிகினின்னு ரெண்டு பொருளாதாரக்காரங்க, 2000ல வெளியான ஆய்வு. பெத்தவங்க குழந்தையைக் கூட்டிட்டுப் போக லேட்டா வர்றாங்க, டீச்சர் காத்திட்டு உக்கார வேண்டியிருக்கு. அதுல ஆறு காப்பகத்துல லேட்டானா அபராதம்னு வச்சாங்க. லேட்டா வர்றது குறையும்னுதானே நினைப்போம், கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. ஐயோ டீச்சர் காத்திட்டிருப்பாங்களேன்னு அதுவரைக்கும் ஓடி வந்தவங்க, அதான் காசு கட்டறோமேன்னு நிதானமா வர ஆரம்பிச்சிட்டாங்க. கூச்சத்துக்கு விலை போட்டாச்சு, விலையைக் கட்டினா கூச்சம் எதுக்கு? அதோட விட்டாக்கூட பரவால்ல, அபராதத்தை எடுத்ததுக்கு அப்புறமும் லேட்டா வர்றது குறையல. உறுப்பினர்களே, இந்த ஒரு இடத்தை மட்டும் ரெண்டு தடவை படிங்க. சட்டத்தைப் போட்டா அப்புறம் வாபஸ் வாங்கிக்கலாம்னு நீங்க நினைக்கிறீங்க, ஆனா அது அரிச்சிட்டுப் போன சாமான் வாபஸ் வராது.

உங்க அதிகாரிங்க ஃபைல்ல வெளிநாட்டு உதாரணம் வச்சிருப்பாங்க, தெரியும். பிரான்ஸ்ல உதவாம போனா 5 வருஷம் வரைக்கும் சிறை, ஜெர்மனியில ஒரு வருஷம் வரைக்கும். உண்மைதான். ஆனா ஜெர்மனியோட மிச்சக் கதையையும் சேர்த்து ஃபைல்ல வைங்க. அங்க டிரைவிங் லைசென்ஸ் வேணும்னா முதலுதவி வகுப்புல உக்காந்தே ஆகணும். கார்ல முதலுதவிப் பெட்டி இருந்தே ஆகணும். உதவப் போன இடத்துல உதவினவருக்கே அடிபட்டா அரசாங்க விபத்துக் காப்பீடு அவரைப் பாத்துக்கும். அதாவது முதல்ல கைக்கு வேலை கத்துக் குடுக்கிறாங்க, கையில சாமான் குடுக்கிறாங்க, பின்னாடி நாங்க இருக்கோம்னு சொல்றாங்க, அப்புறம்தான் ஏன் செய்யலைன்னு கேக்கிறாங்க. நீங்க முதல் மூணையும் விட்டுட்டு நேரா நாலாவதுக்கு வந்திருக்கீங்க, ஏன்னா அதுக்குத்தான் செலவு இல்ல.

ஜனங்களைப் பத்தின உங்க கணக்கே தப்புன்னும் எனக்குத் தோணுது. 2019ல வெளியான ஒரு ஆய்வுல இங்கிலாந்து, நெதர்லாந்து, தென்னாப்பிரிக்கா மூணு நாட்டு நகரங்கள்ல கண்காணிப்பு கேமராவுல பதிவான 219 தெருச் சண்டைகளைப் போட்டுப் பாத்தாங்க. பத்துல ஒன்பதுல குறைஞ்சது ஒருத்தராவது சும்மா நிக்காம உள்ள போய் விலக்கி விட்டிருக்கார், தடுத்திருக்கார், அடிபட்டவரைத் தூக்கியிருக்கார். யாரும் அவங்களை சட்டம் சொல்லி அனுப்பல. அந்தப் பொண்ணையும் யாரும் அனுப்பல. 1968 சோதனைக்கு இது எதிரான்னு கேட்டா, எனக்கு அப்படித் தெரியல. கூட்டத்துல ஒவ்வொருத்தருக்கும் தயக்கம் இருக்கும், ஆனாலும் யாரோ ஒருத்தர் அதை உடைக்கிறார், அவ்வளவுதான் தேவை. அந்த ஒருத்தரை அடுத்த தடவையும் உடைக்க விடுற மாதிரி வச்சுக்கிறதுதான் உங்க வேலை. என் விஷயத்துல அதுல கோட்டை விட்டீங்க.

எங்க மேல தப்பில்லைன்னு சொல்லல. எது நடந்தாலும் "இதுக்கு ஒரு சட்டம் போடணும் சார்"னு முதல்ல கத்துறது நாங்கதான். போட்டா கைதட்டுவோம், போட்ட சட்டம் என்ன ஆச்சுன்னு ஒரு நாளும் கேக்க மாட்டோம். நீங்களும் எங்க கோபத்துக்கு ஒரு மசோதாவை வாயில வச்சிட்டுப் போயிடுறீங்க, அழுத குழந்தைக்கு பொம்மை குடுக்கிற மாதிரி. இப்படியே சேர்த்து சேர்த்து கடைசியில எத்தனை சட்டம் இருக்குன்னு போட்டவங்களுக்கே தெரியாமப் போகும். விளையாட்டுக்குச் சொல்லல, 1982ல அமெரிக்க நீதித்துறை தன் நாட்டு மத்திய சட்டங்கள்ல எத்தனை குற்றங்கள் இருக்குன்னு எண்ணிப் பாக்க முயற்சி பண்ணுச்சு, ரெண்டு வருஷம் எண்ணிட்டு சுமார் 3,000ன்னு ஒரு உத்தேசக் கணக்குதான் குடுக்க முடிஞ்சுது. எண்ணவே முடியாததை சாதாரண ஆள் எப்படி மனசுல வச்சுக்கிட்டு அதுப்படி நடப்பான்? அவன் ஒரே ஒரு விஷயம்தான் கத்துக்குவான், மாட்டாம இருக்கணும். எது சரிங்கிற கேள்வியை விட்டுட்டு எது சேஃப்ங்கிற கேள்விக்கு வந்துருவான். அடிபட்டவரைப் பாத்தப்ப ரெண்டாவது தடவை நான் கேட்டுக்கிட்டதும் அந்தக் கேள்விதான்.

இப்ப நான் கேக்கிறது.

அந்த மசோதாவுல உதவாதவங்களுக்கு தண்டனைங்கிற பிரிவை இப்பவே எடுத்துடுங்க. அந்த இடத்துல, உதவினவர் பேரையும் விலாசத்தையும் அவர் விருப்பம் இல்லாம வாங்கக் கூடாது, சாட்சியா தேவைப்பட்டா ஒரே தடவை, அவருக்கு வசதியான இடத்துல, வசதியான நேரத்துல வாக்குமூலம் வாங்கணும், அன்னிக்கு போற சம்பளத்தை அரசாங்கம் குடுக்கணும், நல்லெண்ணத்துல உதவி பண்ணினதுல ஏதாவது தப்பாப் போச்சுன்னா அவர் மேல வழக்கு கூடாதுன்னு எழுதுங்க. மீறுற அதிகாரி யாரா இருந்தாலும் பதில் சொல்லணும்னும் எழுதுங்க, உங்களுக்கு தண்டனைப் பிரிவு இல்லாம மசோதா எழுதப் பிடிக்காதுன்னா அந்த இடத்துல வச்சுக்கோங்க.

முதலுதவியைப் பள்ளிக்கூடத்துலயும் லைசென்ஸ் குடுக்கிற இடத்துலயும் கட்டாயமாக்குங்க. படம் காட்டிட்டு அனுப்புற வகுப்பு வேண்டாம், கையை வச்சுச் செஞ்சு பாக்கிற வகுப்பு வேணும். கூட்டத்துல ஒருத்தரைக் குறிச்சுக் கூப்பிடுறது எப்படின்னு அதுல சொல்லிக் குடுக்கணும், அந்தப் பொண்ணு அதை எங்கயோ கத்துக்கிட்டுத்தான் வந்திருந்துச்சு.

இனிமே எந்தப் புது சட்டம் கொண்டு வந்தாலும், அதே விஷயத்துக்கு ஏற்கனவே என்னென்ன சட்டம் இருக்கு, அது ஏன் நடக்கலைங்கிறதை அவையில எழுந்து படிங்க. இருக்கிறதை நடத்த ஆள் இல்லைங்கிறதுதான் காரணம்னா ஆளைப் போடுங்க, சட்டத்தைப் போடாதீங்க. தனி மனுஷங்களோட சின்னச் சின்ன தப்புக்குப் போடுற ஒவ்வொரு சட்டத்துக்கும் அஞ்சு வருஷம்னு ஒரு முடிவு தேதி வைங்க. அஞ்சாவது வருஷம் நீங்களே வந்து இது என்ன சாதிச்சுதுன்னு காட்டினா நீட்டிக்கலாம், காட்ட முடியலைன்னா தானா சாகட்டும். மேல நான் சொன்ன பலமானவங்களைக் கட்டுற சட்டங்களுக்கு இந்த முடிவு தேதி வேண்டாம், அதையும் சேர்த்து எழுதிக்கோங்க, மறந்தாப்ல விட்டுராதீங்க.

வேலை இடத்து ரூல் எழுதுறவங்களுக்குத் தனியா ஒண்ணு. புதுசா ஒரு டப்பா சேர்த்தா பழசுல ரெண்டை எடுங்க. எடுத்துட்டு, மெஷின் ஓட்டுறவன் "இது சரியில்ல, நான் ஓட்ட மாட்டேன்"னு சொன்னா அவன் வேலை போகாதுங்கிறதை ஒரே ஒரு வரியா, பெருசா, மெஷின் மேலயே எழுதி ஒட்ட வைங்க.

இந்த மசோதா மேல பொதுமக்கள் கருத்து கேட்டா நான் வந்து இதையே நேர்ல சொல்றேன். நான் சொன்ன ரெண்டு சம்பவத்துக்கும் நாள், இடம், நேரம் எல்லாம் எழுதி வச்சிருக்கேன், ரெண்டாவதுலயும் நான் என்ன பண்ணினேன்னு மறைக்காம சொல்றேன். தேதியை மட்டும் ஒரு வாரம் முன்னாடி தெரியப்படுத்துங்க, ஷிப்ட் மாத்தணும்.

இப்படிக்கு,
அன்னிக்கு நீல சட்டை போட்டிருந்தவன்